சாமியை இருத்த முடியாமற்போன நாள்

சாமி அந்த இடத்தில் நின்றதற்குக் காரணம் காலில் வந்த புண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாமியின் பக்தர் சபைக்காரர்கள் அச்சடித்திருக்கும் நினைவு மலரில் வேறு கதை இருக்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த சாமி, முரசுமோட்டையில் வாய்க்கால் ஓரத்து மருத மரத்தைக் கண்டதும் உடல் சிலிர்த்து, இதுதான் என் இடம் என்று உட்கார்ந்தாராம். நான் அவருக்கு நாலடி பின்னால் நடந்து வந்தவன். உடல் சிலிர்த்ததை நான் காணவில்லை. குதிக்கால் வெடித்துச் சீழ் வடிந்ததைத்தான் கண்டேன்.

நான் பக்தியால் நடந்தவன் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கிவிடும். அந்த வருடம் கையில் வேலை இல்லை. பாதயாத்திரைக் கூட்டத்தோடு காவி வேட்டி கட்டிக்கொண்டு நடந்தால் ஊருக்கு ஊர் சோறு போடுவார்கள், கோயில் மண்டபத்தில் படுக்கலாம், பொலிஸ்காரனும் அடையாள அட்டை கேட்கமாட்டான். அதற்காக நடந்தேன்.

சாமியும் ஏறக்குறைய என்னைப் போலத்தான். அநுராதபுரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வடை சுட்டவர் என்று ஆனையிறவைத் தாண்டும்போது அவரே சொன்னார். முதலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்தவருக்குச் சவரம் செய்ய வழியில்லை, தாடி வளர்ந்தது, ஆட்கள் கும்பிடத் தொடங்கினார்கள். "கும்பிடுறவனை அடிச்சுக் கலைக்கேலுமே?" என்று என்னிடம் கேட்டார். மலரில் இது, 'இளமையில் அன்னதானப் பணிக்குத் தம்மை அர்ப்பணித்தார்' என்று வந்திருக்கிறது.

புண்ணோடு வந்தவரைத் தன் காணிக்குள் இருத்தியவர் ஓர் அக்கா. மலையகத்தில் கொழுந்து பறித்த குடும்பம். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு ஓடி வந்தபோது அவர் கைக்குழந்தை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் புருஷனை இழந்தவர். அவருக்கு இருந்தது அரை ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு, தகரம் போட்ட ஒரு வீடு, அவ்வளவுதான். காணியின் அனுமதிப்பத்திரம் செத்துப்போன புருஷனின் பெயரில் இருந்தது. பெயரை மாற்ற அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது, பெயர் மாறவில்லை. அந்த மண்ணில் மிளகாயும் கச்சான் கடலையும் போட்டுத்தான் அவர் சீவித்தார்.

அக்கா வேப்பெண்ணெயும் மஞ்சளும் காய்ச்சிப் புண்ணில் வார்த்தார். கூட்டம் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் நின்றேன், ஏனென்றால் அக்காவின் கிணறு இறைத்துச் சேறு எடுக்க வேண்டியிருந்தது, சேறு எடுப்பவனுக்கு மூன்று நேரச் சாப்பாடு. ஒரு மாதத்தில் புண்ணும் ஆறியது, கிணறும் தெளிந்தது. நான் போனேன். சாமி போகவில்லை. மருத மரத்தடியில் அக்கா போட்டுக் கொடுத்த தென்னங்கிடுகுக் கொட்டிலில் பதினொரு வருடம் இருந்தார்.

அந்தப் பதினொரு வருடமும் நான் வருவதும் போவதுமாக இருந்தேன். கிணறு வெட்டினேன், ஆனையிறவில் உப்பு வாரினேன், வவுனியாவில் ஒரு மலர்ச்சாலையில் நாலு மாதம் பிரேதம் கழுவினேன், நெடுங்கேணிப் பக்கம் யானைக்கு வெடி கொளுத்திக் காவல் இருந்தேன். எங்கே சோற்றுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் முரசுமோட்டைக்கு வருவேன். ஒவ்வொரு முறை வரும்போதும் சாமி கொஞ்சம் பெருத்திருப்பார், அக்கா கொஞ்சம் மெலிந்திருப்பார்.

சாமியின் உபதேசங்கள் என்று மலரில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர் வாயால் நான் கேட்டது மூன்றே மூன்று. பொழுதுபட்ட பிறகு சாப்பிடாதே. சாப்பிட்ட கோப்பையை நீயே கழுவு. யுத்தம் முடிந்த வருசம் எங்கே இருந்தனீ என்று ஒருவரையும் கேளாதே. முதலாவது அவருக்கு நெஞ்செரிவு இருந்ததால் வந்தது. இரண்டாவதை அவர் ஒருநாளும் செய்ததில்லை, அவருடைய கோப்பையை அக்காதான் கழுவினார். மூன்றாவது மட்டும் பெறுமதியானது என்று நினைக்கிறேன். வன்னியில் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒன்றில் பதில் சொல்பவர் அழுவார், அல்லது கேட்டவர் வெட்கப்பட வேண்டிவரும். ஆனால் சாமி அதைக் கருணையால் சொன்னாரா, தன்னையும் ஒருவரும் கேட்கக்கூடாது என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது.

பக்தர்கள் சேர்ந்து ஒரு சபை வைத்தார்கள். சபைத் தலைவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. சண்டையின் கடைசி இரண்டு வருடமும் கொழும்பில் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் வயலைப் பார்க்க வந்தவர். சாமியின் மூன்றாவது உபதேசம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சாமியின் உடம்பில் திருநீற்று வாசம் வீசுகிறது என்று முதலில் சொன்னதும் அவர்தான். எனக்கு வீசியது சுருட்டு வாசம். சாமியே ஒருமுறை, "கால் புண்ணாலதான் நான் இஞ்ச நிண்டனான்" என்று தலைவர் முகத்துக்கு நேரே சொன்னார். தலைவர் கண்கலங்கி, "பாத்தியளோ, என்ன பணிவு!" என்றார். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றத் தேவையில்லை, அவர்களே வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

சபைக்கு மேலே, சுவிஸில் குடியேறிக் காசு அனுப்பும் நம் ஆள் ஒருவர் இருந்தார், சுவிஸ்காரர் என்பார்கள். நேரில் இரண்டு தரம்தான் வந்தவர். சாமி சமாதியானதும் அந்த இடத்தில் கோபுரத்தோடு மடம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த இடம் என்றால் அக்காவின் காணி. அது அவர்கள் ஒருவருக்கும் பெரிய விசயமாகப் படவில்லை. ஒரு சந்நியாசியைச் சப்பணம் கட்டி இருத்தி உப்பும் திருநீறும் நிரப்பிப் புதைத்துவிட்டால், பிறகு எந்த அதிகாரி வந்து அதைக் கிளப்புவான்? அக்காவின் கையில் தன் பெயரில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

சாமி புரட்டாதி மாதத்தில் ஒரு விடியற்காலை செத்தார். நான் அப்போது அக்காவின் கிணற்றடியில் படுத்திருந்தேன். ஆறு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அக்கா திரும்பி வந்து, "தம்பி, சாமி போயிட்டாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பாயில் நிமிர்ந்து, காலை நீட்டி, வாயைத் திறந்தபடி கிடந்தார். தாடையைத் துணியால் கட்டினேன். கழுத்து அப்போதே கொஞ்சம் இறுகியிருந்தது.

ஏழு மணிக்குத் தலைவரும் சபைக்காரரும் வந்து விழுந்து கும்பிட்டார்கள். பிறகு சுவிஸுக்குப் போன் எடுத்தார்கள். அங்கே நடுச்சாமம், அவர் எடுக்கவில்லை. அவரைக் கேட்காமல் சாமியைத் தொடக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். பிரேதம் அப்படியே கிடந்தது. எனக்கு மண்வெட்டியைத் தந்து, மருத மரத்துக்கு முன்னால் நாலு முழச் சதுரத்தில் நெஞ்சளவு கிடங்கு வெட்டச் சொன்னார்கள். அங்கே அக்காவின் மிளகாய்க் கன்றுகள் நின்றன, அப்போதுதான் பூ வைத்திருந்தன.

அக்கா தலைவரிடம் வந்தார். "ஐயா, காணிய பத்தி ஒரு வார்த்தை பேசிட்டுத் தோண்டலாமே."

"இப்ப காணிக் கதையோ பிள்ளை? ஒரு மகான் உன்ர மண்ணில இருக்கப்போறார். ஏழு சென்மத்துக்கும் கிடைக்காத பாக்கியம்."

"பாக்கியந்தான். மிளகா எங்க வைக்கிறது?"

"உனக்கு வேற இடம் பாத்துத் தருவம் எணை. முதல்ல அழு. செத்தவீட்டில அழாமல் நிண்டு கணக்குப் பாக்கிறாய்."

நான் கன்றுகளைப் பிடுங்கி ஒரு பக்கமாக வைத்தேன். என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன்.

பத்து மணி தாண்டி சுவிஸ்காரர் எழும்பினார். வீடியோவில் முகத்தைக் காட்டி அழுதார். பிறகு, மாலை சரியில்லை, பட்டுச் சால்வை போடுங்கள், போனை இன்னும் கிட்டப் பிடியுங்கள் என்று ஒரு மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகுதான் கிரியை தெரிந்த ஒருவரை யாழ்ப்பாணத்தில் தேடிப் பிடித்துப் போனில் கேட்டார்கள். அந்த மனிதர், "இருத்திப் போட்டியள்தானே?" என்று கேட்டதும் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "என்னது? உயிர் போன கையோட எல்லோ சப்பணம் கட்டிக் கட்டவேணும்! விடிய செத்த ஆளை மத்தியானம் வரைக்கும் படுக்க விட்டனீங்களோ?" என்று அவர் போட்ட சத்தம் கிடங்குக்குள் நின்ற எனக்கே கேட்டது.

அதன்பிறகு அவர்கள் செய்ததை நான் மேலே ஏறி நின்று பார்த்தேன். சாமியின் முழங்காலில் சூடான நல்லெண்ணெய் தேய்த்தார்கள். வெந்நீர்த் துணி சுற்றினார்கள். நாலு பேர் பிடித்து மடக்கினார்கள். இடுப்பைத் தூக்கினால் தலையும் காலும் சேர்ந்து பலகை மாதிரி எழும்பியது. காலை அமத்தினால் தலை நிமிர்ந்தது. எண்ணெயில் கை வழுக்கி ஒருவர் பின்பக்கம் அடிபட விழுந்தார். ஒரு கிழவர், "சாமி இன்னும் நிட்டையில இருக்கிறார்" என்றார். இன்னொருவர், "நிட்டை எண்டா இருந்தெல்லோ செய்யவேணும், இவர் படுத்தெல்லே கிடக்கிறார்" என்றார். தலைவர் அவரை முறைத்தார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ பாரவேலை செய்யிற ஆள்தானே," என்றார் தலைவர். "கொஞ்சம் பலமாப் பிடிச்சா மடங்கும்."

"எலும்பு முறியும் ஐயா. சத்தம் வீடியோவில கேக்கும்."

போன் இன்னும் சுவிஸோடு தொடர்பில்தான் இருந்தது. தலைவர் அதை மடியில் கவிழ்த்து வைத்தார். மலர்ச்சாலைக்காரரைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். சந்நியாசியின் உடம்பில் ஊசி படக்கூடாது என்று அதையும் விட்டார்கள். படுத்தபடியே புதைக்கலாமா என்று கேட்டதற்குச் சுவிஸ்காரர் மடியில் இருந்தபடியே கத்தினார். "படுத்த சமாதியோ? அது வேதக்காரரின்ர சேமக்காலை! படுத்துக் கிடக்கிற ஆளுக்கு மேல நான் கோபுரம் கட்டுறதோ?"

இதற்கிடையில் ஆனையிறவில் இருந்து உழவு மெசினில் உப்பு மூட்டைகள் வந்து கிடங்கின் ஓரத்தில் இறங்கின.

அக்கா எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். சபைக்காரர்கள் கொட்டிலடியில் வாய்த்தர்க்கத்தில் இருந்தார்கள். அவர் கிடங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்குத் தளரும், தம்பி."

"தெரியும் அக்கா."

மலர்ச்சாலையில் நாலு மாதம் நின்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா? செத்த உடம்பு இறுகும், பிறகு ஒரு நாள், ஒன்றரை நாளில் தானாக இளகும். வெயில் நேரத்தில் இன்னும் கெதியாக இளகும். அடுத்த நாள் மத்தியானம் சாமியை எப்படி வேண்டுமானாலும் மடித்து வைக்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை. தனக்கு எப்படித் தெரியும் என்று அவராகவே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு பங்கருக்குள்ளதான் போனாரு. வெளிய எடுத்துப் பொதைக்க முடியல, ஷெல்லு விழுந்துகிட்டே இருந்திச்சு. மடியில வச்சிருந்தேன். ராத்திரி எல்லாம் மரக்கட்ட. மறுநாளு மத்தியானம் பிள்ள மாதிரி மடங்கிட்டாரு. உசுரு திரும்பிடிச்சுன்னு நெனச்சிட்டேன்."

தண்ணீரைக் குடித்தேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கொட்டில் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"தெரியாது. அந்த நேரம் இஞ்ச நிண்ட ஆக்கள் எல்லாரும் செத்ததுகளை விட்டிட்டு ஓடினவை. ஒண்டரை நாள் மடியில வச்சிருந்தது ஆர்?"

அக்கா குனிந்து ஒரு மிளகாய்க் கன்றை நிழல் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: "சாமி போன மாசம் கேட்டாரு. நான் இங்கயே குந்தியிருக்கிறேன் ஆத்தா, என்னைய எரிக்க வுடாதன்னு. நான் வாயத் தொறக்கல."

"பதினொரு வருசம் குந்தியிருந்தது காணாதோ அவருக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க. பாவம்."

"ஆர் பாவம்?"

தளரும் என்பதைச் சபைக்காரரிடம் சொல்லு என்றும் அவர் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் முதன்முறையாக அழுதார்.

மூன்று மணியளவில் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தவர் போல எழும்பினார். "நாளை வரைக்கும் வச்சுப் பாப்பம். யாழ்ப்பாணத்தில இருந்து பெரியாக்கள் வருவினம். காலமை சாமியும் மனம் இரங்கி இளகக்கூடும்."

அந்த ஆள் பதினொரு வருடத்தில் சொன்ன ஒரேயொரு உண்மை அது. தான் சொல்வது உண்மை என்று தெரியாமலே சொன்னார். வாசலில் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

நான் மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டுத் தலைவரின் பக்கத்தில் போனேன். "ஐயா, நான் மலர்ச்சாலையில நிண்டனான். ஊசி போடாத பிரேதம். இந்த வெயிலுக்குப் பொழுதுபட முன்னம் வயிறு ஊதும். விடிய மூக்கால வடியும். ரோட்டு வரைக்கும் மணக்கும்."

"சாமிக்கு அப்பிடி வராது."

"மூக்கில இலையான் மொய்க்குது, பாருங்கோ."

பார்த்தார். நான் இன்னும் மெதுவாகச் சொன்னேன். "திருநீற்று வாசம் எண்டு சனத்துக்குச் சொல்லி வச்சிருக்கிறியள். யாழ்ப்பாணத்துப் பெரியாக்கள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டா?"

ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஊதும், வடியும், மணக்கும். இளகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சாமியை நம்பவில்லை. நம்பியிருந்தால் ஓர் இரவு வைத்துப் பார்த்திருப்பார். அரை மணித்தியாலத்துக்குள், சாமி தன் உடம்பை அக்கினிக்குக் கொடுக்கத் திருவுளம் கொண்டுவிட்டார் என்று தலைவரே எல்லோருக்கும் அறிவித்தார். படுத்த நிலையை மாற்றாமல் இருந்ததே அதற்கு அடையாளமாம். சுவிஸ்காரர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த பிரச்சினை யார் கொள்ளி வைப்பது என்பது. காலையில் சாமி எங்கள் அப்பன், சாமி எங்கள் தாய் என்று விழுந்து கும்பிட்டவர்கள்தான். கொள்ளி என்றதும் ஒருவருக்கு வீட்டில் கலியாணம், ஒருவருக்குக் கோயில் திருவிழா, சாவுத் துடக்கு வந்தால் ஆகாது. தலைவருக்கு வயல் விதைப்புத் தொடங்குகிறதாம், விதைப்புக்கும் துடக்குக்கும் என்ன தொடர்போ. கடைசியில் எல்லாக் கண்களும் மறுபடி என்மேல் வந்து நின்றன.

"உனக்குத்தான் முன்னும் இல்லைப் பின்னும் இல்லையே மோனை," என்றார் தலைவர்.

அப்படித்தான் நான் சாமிக்கு மகனானேன்.

சுடலையில் விறகு அடுக்கி, ஐந்து மணிக்கு நெருப்பு வைத்தேன். கொள்ளி வைத்ததும் எல்லோரும் வழக்கப்படி திரும்பிப் பாராமல் போனார்கள். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் அவர்கள் மனதாரச் செய்தார்கள். பிணம் முழுக்க எரியும்வரை நிற்க நான் ஒருவன் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நெருப்பு நன்றாகப் பிடித்து வேட்டியும் சால்வையும் போனபின், சாமி எழும்பினார். சூட்டில் நரம்பு இழுக்கும், சில பிரேதங்கள் எழும்பும், அதற்காகத்தான் சுடலையில் நீளத் தடி வைத்திருப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டடி பின்னால் போனேன். முதலில் தலை, பிறகு தோள். முழங்கால்கள் இரண்டும் மேலே வந்து மடங்கின. மத்தியானம் நாலு பேர் எண்ணெய் பூசி இருத்த முடியாமற்போன ஆள், விறகுக்கு மேல் தானாக எழும்பி இருக்கப் பார்த்தார். சுற்றிவரப் பார்த்தேன். வயல் வரம்பில் ஒரு மாடுதான் நின்றது.

தடியை அவர் நெஞ்சில் வைத்து அமத்தினேன். "படுங்கோ சாமி," என்றேன். மறுபடி எழும்பினார், மறுபடி அமத்தினேன். மூன்றாம் தரம் நெஞ்சு உள்ளே போனது, பிறகு எழும்பவில்லை. அவர் கேட்டிருந்தது குந்தியிருக்கும் அந்த ஒன்றுதான். பிச்சை கேட்டு வாழ்ந்த மனிதர், ஆட்கள் கொடுக்காததை ஒருநாளும் பறித்து எடுத்ததில்லை, அதை மட்டும் அவருக்காகச் சொல்லலாம். கொடுக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலையில் சபைக்காரர்கள் பால் தெளித்துச் சாம்பல் அள்ளி முல்லைத்தீவுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கோபுரப் பேச்சு அத்தோடு நின்றது. பிறகு தலைவர் தன்னுடைய ரோட்டோரக் காணியில் ஒரு மண்டபம் கட்டி, சாமியின் படத்தை மாட்டினார். படத்தில் சாமி சப்பணம் கட்டி இருக்கிறார். அக்காவின் காணிப் பத்திரம் இன்னமும் புருஷனின் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் காணியில் அவர்தான் நிற்கிறார்.

அன்று காலை நான் சுடலையில் இருந்து வந்தபோது அக்கா கிடங்கடியில் நின்றார். முழுகிவிட்டு வந்ததில் என் தலை ஈரமாக இருந்தது.

"எரிஞ்சிருச்சா?"

"எரிஞ்சுது."

நெருப்பில் சாமி எழும்பியதை நான் சொல்லவில்லை. அக்கா உப்பு மூட்டைகளைக் காட்டி, "மழைக்கு முன்னாடி இத ரோட்டுக்குத் தூக்கிப் போட்டுருங்க. கரைஞ்சு எறங்குனா பத்து வருசத்துக்கு ஒண்ணும் மொளைக்காது," என்றார். ஒவ்வொன்றாகச் சுமந்து போட்டேன். பிறகு கிடங்கை மூட மண்வெட்டியை எடுத்தேன்.

"இருங்க, இருங்க. மேல்மண்ண எங்க போட்டீங்க?"

நான் வெட்டும்போது மேல்மண்ணையும் அடியில் வந்த களிமண்ணையும் ஒரே குவியலாக எறிந்திருந்தேன்.

"கெணறு வெட்டுற ஆளுதானே நீங்க? இது கூடவா தெரியாது? களி மேல வந்தா மிளகா நிக்குமா?" என்று நன்றாகவே ஏசினார். பிடுங்கி வைத்த கன்றுகளுக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, அவரும் ஓர் ஓலைக் கடகத்தோடு வந்து என் எதிரே குந்தினார். மத்தியானம் வரைக்கும் இருவரும் கையால் மண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.